ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவும் முறை

கணினி மந்தமாகிவிட்டாலோ, தொடங்கும்போதே நின்றுவிட்டாலோ, "ஃபார்மட் அடித்துவிடலாம்" என்பதுதான் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. ஹார்ட் டிஸ்க்கை அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் வேலை பெரும்பாலான கணினிகளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று கணக்கெடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

முதலில், ஃபார்மட் செய்வது உண்மையிலேயே பயன் தருமா என்று பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் "குட்" என்று வராமல் "காஷன்" அல்லது "பேட்" என்று வந்தால், டிஸ்க் பழுதடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது சரியாகாது. நல்ல நிலையில் இருந்தாலும் அது சுழலும் வகைப் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், பெங்களூரு டவுன் ஹாலுக்கு அருகிலுள்ள எஸ்.பி. ரோட்டில் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி அதில் இயங்குதளத்தை நிறுவுவதுதான் வேகத்துக்கு உண்மையான மருந்து. பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் நிம்மதி.

எந்த இயங்குதளத்தை நிறுவுவது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதைப் புதிதாக நிறுவுவதில் அர்த்தமில்லை. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அம்சம், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இவை இல்லாத கணினியில் குறுக்குவழிகளில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பதைவிட, லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவுவது மேல் என்பது என் கருத்து. பிள்ளைகளின் படிப்புக்கும் இணைய வேலைகளுக்கும் அது போதும்.

இனிக் கணக்கெடுப்புக்கு வருவோம். "முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் போட்டுவிட்டேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தான். நிறுவும்போது ஒரு வரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் போய்விடும். ஆகவே பேக்கப் என்பது கணினிக்கு வெளியே, தனியான வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். நகலெடுத்த பின் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பது அவசியம்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். தவறிப்போவது மற்றவைதான். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் கடை வைத்திருக்கும் பலர் கணக்குக்கு டேலி பிரைம் பயன்படுத்துகிறார்கள். அதன் தரவு வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் ஆகிய கோப்புறைகளுக்குள் இருக்கும் டேலிபிரைம் கோப்புறையில் சேமிக்கப்படுகிறது. உங்கள் பெயரிலுள்ள கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் ஆண்டுக் கணக்கு முழுவதும் விட்டுப்போகும். டேலியின் உரிமத்தையும் ஃபார்மட்டுக்கு முன் "சரண்டர்" செய்துவிட்டால் (அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட்டால்), பிறகு மீண்டும் செயல்படுத்துவது எளிது. ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்பம் யுஎஸ்பி டோக்கனில் இருப்பதால் அது அழியாது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை மட்டும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) வேலை செய்பவர்களுக்கு எழுத்துருக்கள் தனிக் கவலை. திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை முதலியவற்றை பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருக்களிலும், கன்னட வேலைகளை நுடியிலும் செய்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். எனவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து தேவையான எழுத்துருக்களைத் தனியே நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைந்துள்ளனவா என்று பாருங்கள். அந்தக் கணக்குகளுக்கு ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்பதையும் இப்போதே உறுதி செய்வது நல்லது. ஊரில் இருந்தபோது எடுத்து, பெங்களூரு வந்த பின் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் இன்னும் அந்தக் கணக்கில் பதிவாகி இருக்கலாம். அதை ஃபார்மட் முடிந்த பிறகு கண்டுபிடிப்பது பெருந்தொல்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கிலுள்ளவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. அண்மைக் காலத்தில் வாங்கிய பல லேப்டாப்களில், நாம் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். சி டிரைவை மட்டும் அழித்து டி டிரைவை விட்டுவைக்க நினைப்பவர்கள், டி டிரைவும் குறியாக்கத்தில் இருந்தால், புதிய விண்டோஸில் அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண்ணைத் தர வேண்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் இல்லை, வேறு நகலும் இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் அந்தத் தரவை மீட்டுத் தர முடியாது.

விண்டோஸ் ஓரளவு இயங்குகிறது, வைரஸ் சந்தேகமும் இல்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்ற வழியில் சென்று "ரீசெட் திஸ் பிசி" கொடுப்பதே போதுமானது. முழுவதும் அழித்து நிறுவ விரும்புவோர் குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றை எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு அதைத் தயார் செய்ய வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். அது தயாரான பின், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும், பதினோராம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர் என்றால் நிறுவலின்போது டிஸ்க் தெரிவதற்கான ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் இறக்கி, ஜிப் கோப்பை விரித்து, அதே பென் டிரைவில் தனிக் கோப்புறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸுடன் வாங்கிய லேப்டாப்பில் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்தவுடன் தானாகவே செயல்படும். ஹோம் பதிப்பு உரிமம் உள்ள கணினியில் புரோ பதிப்பை நிறுவினால் செயல்படாது. "ஆக்டிவேட்டர்" என்ற பெயரில் கள்ள மென்பொருளைப் போட்டுத் தருவதாகச் சொல்லும் கடைகளைத் தவிர்க்க வேண்டும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் யார் எழுதியது என்று தெரியாத நிரலுக்கு நிர்வாக அனுமதி கொடுப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

லேப்டாப்பை சார்ஜரில் இணைத்து வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது. ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியுடன் பெங்களூரில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் காலையிலேயே தொடங்கிவிடலாம். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கியவுடன் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் அது பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் நிறுவல் தொடங்கும். மொழி, விசைப்பலகை முதலிய திரைகளைக் கடந்து, உரிம எண் கேட்கும் இடத்தில் "எண் இல்லை" என்பதைத் தெரிவு செய்யலாம்.

அடுத்து வரும் டிஸ்க் பட்டியல்தான் நிதானமாகப் படிக்க வேண்டிய ஒரே திரை. பேக்கப் எடுத்த வெளிப்புற டிஸ்க் இன்னும் செருகப்பட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் இந்தத் திரைக்கு வர வேண்டும். டெஸ்க்டாப்பில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், விண்டோஸ் நிறுவ வேண்டாததன் கேபிளையும் பிடுங்கி வைப்பது நல்லது. இல்லையேல் தொடக்கக் கோப்புகள் அந்த டிஸ்க்கில் போய் அமர்ந்துவிடவும் கூடும். முழு டிஸ்க்கையும் அழிப்பதென்றால், டிஸ்க் 0 என்பதன் கீழுள்ள பார்ட்டிஷன்களை (பகுதிகளை) ஒவ்வொன்றாக நீக்கி, "அன்அலகேட்டட் ஸ்பேஸ்" என்ற ஒரே வரி மிஞ்சியதும் அதைத் தேர்ந்தெடுத்து "நெக்ஸ்ட்" கொடுத்தால் போதும். தேவையான பகுதிகளை நிறுவல் நிரலே உருவாக்கிக்கொள்ளும். எம்பிஆர் (பழைய பகுப்பு முறை) டிஸ்க்கில் நிறுவ முடியாது என்ற செய்தி வந்தாலும் இதே வழிதான். டி டிரைவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கொள்ளளவைப் பார்த்து சி டிரைவின் வரியை மட்டும் ஃபார்மட் செய்யுங்கள். இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது, எண்களும் அளவுகளும் மட்டுமே தெரியும் என்பதால் இரு டிரைவ்களின் அளவையும் முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். பட்டியலே வெறுமையாக இருந்தால் பதற வேண்டாம். "லோட் டிரைவர்" மூலம் பென் டிரைவிலுள்ள ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைக் கொடுத்தால் டிஸ்க் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கோப்புகள் ஏறியபின் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும்போது பென் டிரைவை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நிறுவல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கக்கூடும். இணையம் கேட்கும் திரையில் வைஃபை தெரியவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

டெஸ்க்டாப் வந்தவுடன் கோப்புகளைத் திருப்பிப் போட அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டை மீதம் எதுவும் இல்லாதவரை ஓடவிட்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பேக்கப் டிஸ்க்கை விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டரால் ஸ்கேன் செய்த பிறகே நகலெடுக்கலாம். தமிழில் தட்டச்சுச் செய்யத் தனி மென்பொருள் தேவையில்லை. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் கிடைக்கும்.

கணினியை விற்பதற்காக அழிப்பவர்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். விரைவு ஃபார்மட் கோப்புகளின் அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது; சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ளிருந்த ஆதார் நகலையும் குடும்பப் படங்களையும் மீட்பு மென்பொருளால் எடுத்துவிட முடியும். அவ்வகை டிஸ்க்குக்கு முழு ஃபார்மட் செய்ய வேண்டும். அது ஒவ்வொரு இடத்திலும் சுழியத்தை எழுதுவதால் பல மணி நேரம் ஆகலாம். எஸ்எஸ்டிக்கு அந்த முறை பொருந்தாது. தயாரிப்பாளரின் மென்பொருளில் அல்லது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் உள்ள "செக்யூர் இரேஸ்" வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதன்பின் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலுள்ள சாதனப் பட்டியலிலிருந்தும் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.