கால்நடை மருத்துவர்களின் மருந்துச் சீட்டைக் கண்காணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெட்டமின், ஃபெனோபார்பிட்டால், டிரமடால், பியூட்டார்ஃபனால், டயஸிபாம். போதைக்காக மனிதர்கள் தேடி அலையும் மருந்துகளில் பல, கால்நடை மருத்துவமனையின் அலமாரியிலும் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கும், வலிக்கும், வலிப்புக்கும் அவை இல்லாமல் முடியாது. அதனால் யாருக்கு எந்த மருந்து எவ்வளவு எழுதப்படுகிறது என்ற கண்காணிப்பு அவசியம். ஆனால் பல இடங்களில் அது, மனித நோயாளிக்காகத் தயாரித்த படிவத்தில் பெயர் கேட்கும் இடத்தில் நாயின் பெயரை எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

மருந்து விலங்குக்கு, வாங்குபவர் மனிதர். பதிவு யார் பெயரில் இருக்க வேண்டும்? உரிமையாளர் பெயரில் மட்டும் ஏற்றினால், நாயின் வலிப்பு மாத்திரை அவருடைய சொந்த மருந்துக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளை அவர் தன் முதுகுவலிக்கு மருத்துவரிடம் போனால், இவரே தினமும் வலிப்பு மருந்தான ஃபெனோபார்பிட்டால் சாப்பிடுகிறார் என்று அந்த மருத்துவரின் கணினித் திரை சொல்லும். விலங்கின் பெயரில் மட்டும் ஏற்றினால் வேறு சிக்கல். ஒரே நாயைக் கணவர் ஒரு மருத்துவமனைக்கும் மனைவி இன்னொரு மருத்துவமனைக்கும் வேறு வேறு பெயரில் கூட்டிப் போனால் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டுக் கண்காணிப்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது; கால்நடை மருத்துவர்களைச் சில மாநிலங்கள் சேர்த்திருக்கின்றன, சில விலக்கியிருக்கின்றன. இந்த அடையாளக் குழப்பம் அந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. விலக்கிவிடுவது தீர்வாகாது. உரிமையாளரின் அடையாளம், விலங்கின் இனம், எடை, மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். 'இது விலங்குக்கான மருந்து' என்ற குறி முதலில் கண்ணில் பட வேண்டும்.

அடுத்த தவறு, மாத்திரைகளை எண்ணி மருத்துவரைச் சந்தேகிப்பது. எடையைப் பார்க்காத எண்ணிக்கைக்கு இங்கே பொருளே இல்லை. வலிப்புள்ள நாய்க்கு ஃபெனோபார்பிட்டால் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் போதும். 50 கிலோ நாய்க்கு 250. நோய் ஒன்றுதான், அளவு பன்னிரண்டரை மடங்கு. நரம்பு நோய்களை மட்டும் பார்க்கும் நிபுணரைத் தடுப்பூசியும் குடற்புழு மருந்துமாக நாளைக் கழிப்பவரோடு ஒப்பிட்டால், நிபுணர்தான் குற்றவாளி மாதிரித் தெரிவார். ஒரே துறை, ஒரே மாதிரி விலங்குகள், கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒப்பிட்டால்தான் உண்மையில் விலகி நிற்பவர் யாரென்று தெரியும்.

சீட்டை மட்டும் கண்காணித்து அலமாரியை மறந்துவிடுவதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். கால்நடை மருத்துவத்தில் மருந்தின் பெரும்பகுதி வெளி மருந்துக்கடைக்கே போவதில்லை. மருத்துவமனையே வாங்கி, அங்கேயே ஊசி போட்டு, அங்கேயே மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிடுகிறது. கடைகளின் தரவை மட்டும் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது.

மயக்க மருந்தான கெட்டமின் குப்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 மில்லி, ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 0.2 மில்லி. காகிதக் கணக்கில் ஒரு குப்பி 50 பூனைக்கு வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சின் நுனியிலும் ஊசியின் அடியிலும் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். அது 0.05 மில்லி என்றால் ஒரு பூனைக்குக் குப்பியிலிருந்து போவது 0.25. நாற்பதாவது பூனையோடு குப்பி காலி. 2 மில்லி எங்கே போனது? யாரும் திருடவில்லை. ஆனால் இந்தச் சேதாரத்தை எழுத ரெஜிஸ்டரில் இடமில்லை என்றால், மாலையில் நினைவிலிருந்து எழுதுபவர் அங்கே 0.1, இங்கே 0.1 என்று கூட்டிக் கணக்கை நேராக்கிவிடுவார். அப்புறம் நிஜமாகவே 2 மில்லி திருட்டுப் போனாலும் அதே வழியில் மறைந்துவிடும். மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூடப் பிசகாத ரெஜிஸ்டரைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. சிறு வித்தியாசங்கள் அன்றன்றே, இரண்டு பேர் கையெழுத்தோடு பதிவான ரெஜிஸ்டரைத்தான் நம்புவேன்.

அளவு சரியாக இருந்தும் மருந்து போயிருக்கலாம். எடுத்ததை ஈடுகட்டக் குப்பியில் வேறு திரவத்தைக் கலந்துவிட்டால் இருப்புக் கணக்கு அப்படியே பொருந்தும். பொருந்தாமல் போவது விலங்கின் உடல்தான். வழக்கமான அளவு போட்டும் மயங்காத பூனை, அறுவையின் நடுவில் உடலை இழுத்துக்கொள்ளும் நாய். ஒன்று இப்படி என்றால் தற்செயல். ஒரே குப்பியிலிருந்து போட்ட மூன்று விலங்குகள் அப்படி என்றால் அந்தக் குப்பியைத் தனியே எடுத்து வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதற்கு, ஒவ்வொரு விலங்குக்கும் கொடுத்த மயக்க மருந்தைப் பதியும் தாளில் குப்பியின் எண் இருக்க வேண்டும். இருப்பு ரெஜிஸ்டரையும் மயக்கத் தாளையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளர்கள் குறைவு என்பதுதான் வருத்தம். மருந்தை ஆர்டர் செய்வதும், பெற்றுக்கொள்வதும், ரெஜிஸ்டர் எழுதுவதும் ஒரே ஆளாக இருந்தால் இந்தச் சரிபார்ப்புகூடப் பயன்படாது.

கட்டுப்பாட்டு மருந்துகளின் சட்டப் பட்டியலில் இருப்பதை மட்டும் பூட்டி வைப்பதும் தவறு. பட்டியல் எப்போதும் பின்னால்தான் வரும். விலங்குகளுக்கான மயக்க மருந்தான சைலஸின், பல நாடுகளில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத காலத்திலேயே தெருவில் விற்கும் ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டில் (அபின் வகை வலிமருந்தில்) கலக்கப்பட்டது. சைலஸின் ஓபியாய்டு அல்ல என்பதால், ஓபியாய்டுகளை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன் அதன் விளைவை மாற்றாது. 2023இல் அமெரிக்க அரசு அந்தக் கலவையைப் புதிய அச்சுறுத்தல் என அறிவித்தது. பூனைகளுக்கும் நாய்களுக்கும் சாதாரணமாக எழுதப்படும் வலி, வலிப்பு மருந்தான கேபபென்டினை பிரிட்டன் 2019இல்தான் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆகவே தவறாகப் பயன்படக்கூடியது எதுவானாலும் எண்ணி வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பயத்தில் மருந்தையே நிறுத்திவிடுவது. விசாரணை வருமோ என்று வலிமருந்து எழுதத் தயங்கினால், அறுவை முடிந்த நாய் இரவெல்லாம் முனகிக் கிடக்கும். ஃபெனோபார்பிட்டாலைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆக, பத்து நாள் முன்னதாகவே மாத்திரை கேட்டு ஒருவர் வந்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்காதீர்கள். நாயைக் கூட்டி வரச் சொல்லுங்கள், எடை பாருங்கள், இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதியுங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் நாயின் இரத்தத்தில் அது தெரியும். அதுவரைக்கும் சில நாள் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பலாம்.

கடைசியாக, அலமாரியிலிருந்து மருந்தைத் திருடுபவர் சில நேரம் வெளியாள் அல்ல, உள்ளே வேலை செய்பவர்; அவர் உதவி தேவைப்படுபவராகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குப்பி குறைந்ததும் போலீசைக் கூப்பிடுவது மட்டுமே நடைமுறை என்றால், கூட வேலை செய்பவர்கள் சந்தேகம் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். வித்தியாசத்தை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கடமைதான், அதில் சமரசம் இல்லை. அதோடு, அந்த ஆளை அன்றே அலமாரிச் சாவியிலிருந்து விலக்கி, தனியே விடாமல், சிகிச்சைக்கு யார் அழைத்துப் போவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தத் தாளை ரெஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.