சுந்தர்.சி படங்களில் உங்கள் அஞ்சு எது? சலித்தெடுக்கும் முறை

ஈரோட்டு டீக்கடை ஏதாவது ஒன்றில் நாலு பேர் கூடி, "சுந்தர்.சி படத்துல எதுங்க ஒசத்தி?" என்று ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே நாய் சேகரில் வந்து நிற்கும். சிக்கலும் அங்கேதான். நாய் சேகர் வருவது 'தலைநகரம்' (2006). அதில் சுந்தர்.சி கதாநாயகன் மட்டும்தான், இயக்கியவர் சுராஜ். கைப்புள்ள வருவது 'வின்னர்' (2003). அதுதான் சுந்தர்.சி இயக்கியது. இரண்டிலும் வடிவேலு என்பதால் ஞாபகத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

ஆகவே முதல் வேலை, பட்டியலைச் சுத்தம் செய்வது. 1995-இல் 'முறை மாமன்' படத்தில் ஆரம்பித்து முப்பதுக்கும் மேல் இயக்கியிருக்கிறார். டைட்டிலில் இயக்கம் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். அடுத்து, சிரிப்பை நம்பி எடுக்காத படங்களை ஒதுக்குங்கள். 'அன்பே சிவம்' (2003) படத்துக்குக் கதை, திரைக்கதை கமல்ஹாசன்; வசனம் மதன். எவ்வளவு பிடித்திருந்தாலும் அதை இந்தப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள். வேறு காரணத்துக்காகப் பிடித்த படம் அது. அதன் பக்கத்தில் 'கிரி'யை வைத்து ஒப்பிட்டால் இரண்டுக்கும் அநியாயம். 'அருணாசலம்' (1997) இரண்டுங்கெட்டான். முப்பது நாளில் முப்பது கோடி செலவழிக்கும் பகுதி நல்ல நகைச்சுவைதான், ஆனால் பாரம் முழுக்க ரஜினி மேல். சேர்ப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், பாதியில் மட்டும் மனசு மாறக்கூடாது.

மிச்சத்தை யார் சிரிக்க வைக்கிறார்கள் என்பதை வைத்துப் பிரியுங்கள். கவுண்டமணி பக்கம் 'முறை மாமன்', 'உள்ளத்தை அள்ளித்தா' (1996), 'மேட்டுக்குடி' (1996). வடிவேலு பக்கம் 'வின்னர்', 'கிரி' (2004), 'ரெண்டு' (2006). சந்தானம் பக்கம் 'கலகலப்பு' (2012), 'தீயா வேலை செய்யணும் குமாரு' (2013). 'மத கஜ ராஜா' 2025 பொங்கலுக்குத்தான் தியேட்டருக்கு வந்தது. ஆனால் எடுத்தது 2012 வாக்கில். அதையும் சந்தானம் பக்கமே வையுங்கள், இல்லாவிட்டால் "இத்தனை வருஷம் கழிச்சும் பழைய மாதிரியே எடுத்திருக்காரே" என்ற தப்பான முடிவுக்கு வருவீர்கள். 'அரண்மனை' நாலு பாகத்திலிருந்து (2014, 2016, 2021, 2024) ஒன்றே ஒன்று போதும். பழைய பங்களா, பேய்க்கு ஒரு முன்கதை, கடைசியில் சாமி என்று நாலும் ஒரே அச்சு. நாலையும் சேர்த்தால் ஓட்டு பிரிந்து எதுவும் தேறாது. இதோடு நீங்கள் சின்ன வயதில் பார்த்து ரசித்தது ஒன்றிரண்டு. மொத்தம் பன்னிரண்டில் நிறுத்துங்கள்.

பார்க்கும் பிரதியில்தான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். பழைய படங்கள் பெரும்பாலும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். யூடியூபில் ஒன்றே முக்கால் மணியில் முடிந்தால் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டிவியில் விளம்பரத்துக்காக வெட்டுவதும் இப்படித்தான், பெரும்பாலும் ஆள்மாறாட்டத்துக்கு அடிபோடும் சின்னக் காட்சிகள்தான் முதலில் போகும். அடி போனால் பிற்பாதியில் சிரிப்பும் போச்சு. திருட்டுத்தனமாக ஏற்றியவர்கள் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள், குரலையும் லேசாக ஏற்றி இறக்கியிருப்பார்கள். கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால் உடனே மூடிவிடுங்கள். குரல் கீச்சென்று ஆன கவுண்டமணியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வேகத்தைக் கூட்டிப் பார்ப்பதும் ஆகாது. ஒருவர் சொல்லி முடித்து, அடுத்தவர் முகத்தைப் பார்த்து, அரை நொடி விட்டு வரும் பதிலில்தான் சிரிப்பு இருக்கிறது. அந்த அரை நொடியைத்தான் நீங்கள் மிச்சம் பிடிக்கிறீர்கள்.

வாரத்துக்கு இரண்டு, ஆறு வாரம். ஒரே நடிகர் படம் அடுத்தடுத்து வேண்டாம், இரண்டாவது படம் சலித்துத் தெரியும். ஊர் நோம்பிக்குக் கெடா விருந்து சாப்பிட்ட மத்தியானம் படம் போட்டுப் பாதியில் கண்ணசந்துவிட்டு "இழுவை" என்று எழுதுவது படத்தின் குற்றமல்ல.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போடாதீர்கள். எல்லாப் படமும் ஏழில் வந்து நிற்கும். அதற்குப் பதில் ஒரு நோட்டில் வாய்விட்டுச் சிரித்த இடத்தை மட்டும் குறியுங்கள்: எத்தனையாவது நிமிஷம், யார், எதனால். எதனால் என்பதற்கு நாலு எழுத்து போதும். பேச்சுக்கு 'பே', ஆள்மாறாட்டத்துக்கு 'ஆ', அடி உதைக்கு 'அ', முகத்துக்கு 'மு'. தனியாகப் பார்த்தீர்களா, பங்காளிகளோடு பார்த்தீர்களா என்பதையும் எழுதுங்கள். கூட்டத்தில் பார்த்தால் சுமார் படமும் ஒரு படி ஏறிவிடும். மறுநாள் காலையில் நோட்டைத் திறந்து, நினைத்தாலே சிரிப்பு வருவதற்கு மட்டும் ஒரு டிக்.

இந்த நோட்டு கையில் இருந்தால்தான் அடுத்த சோதனையைச் செய்ய முடியும். எங்களைக் கேட்டால் மொத்தத் தேர்விலும் முக்கியமானது இதுதான். நீங்கள் விரும்புவது படத்தையா, துண்டுக் காட்சியையா? சோதனை எளிது: சிரிக்க வைப்பவரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு யோசியுங்கள். 'உள்ளத்தை அள்ளித்தா'வில் கவுண்டமணியை எடுத்தால் கார்த்திக்கின் பொய் ஒன்றுகூட நிற்காது. மணிவண்ணனின் இரட்டை வேடமோ கதைக்கே முதுகெலும்பு: ரம்பாவின் அப்பா ஒருவர், அதே முகத்தில் இன்னொருவர். யார் யாரென்று நமக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் பிற்பாதி முழுக்க ஓடுகிறது. நோட்டில் 'ஆ' வரிசையாக விழும். 'வின்னர்' வேறு ரகம். கைப்புள்ள இல்லாவிட்டாலும் பிரசாந்தின் கதை எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்துவிடும், பார்க்கத்தான் ஆள் இருக்காது. கைப்புள்ளயின் வருத்தப்படாத வாலிபர் சங்கம் வரும் இடத்தில் எல்லாம் டிக், நடுவில் பக்கம் பக்கமாக வெறுமை. இது குறையல்ல. ஆனால் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் சண்டை தீராது. படத்துக்கு ஒரு பட்டியல், காட்சிக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துவிடுங்கள். மனோபாலா பிணமாக வரும் 'மத கஜ ராஜா' காட்சி காட்சிப் பட்டியலில் எங்கோ மேலே போகும், படம் அவ்வளவு தூரம் போகாது.

உச்சக்கட்டத்தைத் தனியாக இன்னொரு முறை பாருங்கள். எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டி ஓடவிடுவது இவர் வழக்கம். யார் யாரை எதற்காகத் துரத்துகிறார்கள் என்று ஒலியைக் குறைத்தாலும் புரிந்தால் அது நன்றாகக் கட்டிய படம். 'கலகலப்பு' இதில் தேறும். வைரம் எங்கே இருக்கிறது என்பதைக் கண் விட்டுவிடுவதே இல்லை.

கொங்குக்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. சுந்தர்.சி ஈரோடு; அவர் உதவி இயக்குநராக இருந்தது சூலூர் மணிவண்ணனிடம்; கவுண்டமணி உடுமலைப் பக்கம் வல்லகுண்டாபுரம்; 'அரண்மனை'யில் கோவை சரளா. 'ங்க' போட்டு மரியாதையாகவே ஆளைக் காலி செய்யும் நம்மூர் குசும்பைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிடும், வசனம் சுமாராக இருந்தாலும். இந்தச் சிரிப்பை 'பே'யில் சேர்க்காமல் 'ஊ' என்று தனியாகக் குறியுங்கள். சந்தேகம் வந்தால் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் சிரிக்காத இடங்களைப் பாருங்கள். உங்கள் பட்டியல்தானே, 'ஊ' கூடாதென்று இல்லை. எவ்வளவு என்று தெரிந்திருந்தால் சரி.

நிறம், உருவம், பெண்களை வைத்து வரும் கேலி பழையதிலும் புதியதிலும் நிறைய. பொடுசுகள் பக்கத்தில் இருக்கும்போது நெளிய வைத்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். ஒரு படத்தில் டிக்கைவிடப் புள்ளி அதிகமானால் அது பழைய ஞாபகத்தில் பிடித்த படம், இன்றைக்குப் பிடித்ததல்ல.

கடைசியில் கழித்தல். பன்னிரண்டு படத்தையும் எல்லா ஜோடியாகவும் ஒப்பிட்டால் 66 தடவை யோசிக்க வேண்டும், யாருக்கும் பொறுமை இருக்காது. டிக் குறைந்த ஆறை முதலில் தள்ளுங்கள். மீதி ஆறுக்குப் பதினைந்தே ஜோடி. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இன்று ராத்திரி ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் எது? ஜெயித்ததற்கு ஒரு கோடு. சமமாக வந்தால் நேருக்கு நேர் எது ஜெயித்ததோ அது மேலே. மூன்று படங்கள் ஒன்றையொன்று சுற்றிச்சுற்றித் தோற்கடித்துக்கொண்டால் மறுநாள் டிக்கை எண்ணி முடிவு செய்யுங்கள்.

எங்கள் கணக்கில் 'உள்ளத்தை அள்ளித்தா' முதலிலும் 'கலகலப்பு' இரண்டாவதாகவும் நிற்கும். 'மேட்டுக்குடி'க்கு மூன்று கொடுப்பது கவுண்டமணிக்காகவும் பாதி சிற்பியின் பாட்டுக்காகவும். பாட்டைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டால், பாட்டைத் தாண்டி ஓட்டாமல் பார்த்தீர்கள் என்றால் எடுக்கலாம். நாலாவது, அஞ்சாவது இடத்தை நாங்கள் சொல்வதாக இல்லை. பட்டியலின் அடியில் தேதி போட்டு வையுங்கள், அடுத்த 'அரண்மனை' வந்தால் பழையதில் எது போகும் என்று பார்க்க அது வேண்டியிருக்கும்.