கலப்பினம் என்று முடிவு கட்டும் முன்: எலுமிச்சையிடம் கேளுங்கள்

நம் வீட்டில் சாறு பிழியும் சிறிய, மெல்லிய தோல் எலுமிச்சைக்குத் தாய் மைக்ரந்தா என்ற காட்டு வகை, தந்தை சிட்ரான் என்ற தடித்த தோல் பழம். கடையில் 'லெமன்' என்று விற்கும் பெரிய மஞ்சள் பழம் வேறு. அது புளிப்பு ஆரஞ்சுக்கும் சிட்ரானுக்கும் பிறந்தது. அந்தப் புளிப்பு ஆரஞ்சே பம்பளிமாஸும் மாண்டரினும் (கமலா ஆரஞ்சு வகை) கலந்து வந்ததுதான். எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் அடங்கிய சிட்ரஸ் குழுவில் 60 மரங்களின் ஜீனோமை, அதாவது முழு டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 2018-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இந்த உறவுகளைத் தெளிவாகக் காட்டியது. வேறு செடிகளில் 'இது கலப்பினமா, பெற்றோர் யார்' என்று கேட்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் சிட்ரஸை வைத்தே சொல்லிவிடலாம்.

பசுங்கணிகத்தில் (செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பு) உள்ள டி.என்.ஏ.வை மட்டும் நம்புவது பழைய தவறு. சிட்ரஸில் அது தாய் வழியாகத்தான் வரும். லெமனின் பசுங்கணிகம் பம்பளிமாஸுடையது, புளிப்பு ஆரஞ்சு வழியாக வந்தது. அதோடு நிறுத்தினால், உட்கரு ஜீனோமில் பாதியைக் கொடுத்த சிட்ரான் கண்ணிலேயே படாது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட மோசமானது பெற்றோர் மாதிரியைச் சோதிக்காமல் எடுப்பது. போன்கான், வில்லோலீஃப் ஆகியவை அசல் மாண்டரின்கள் என்றே நெடுநாள் கருதப்பட்டன. அவற்றுக்குள்ளும் பம்பளிமாஸ் துண்டுகள் இருப்பது 2014-இல் தெரியவந்தது. அவற்றைத் 'தூய' பெற்றோராக வைத்துக் கணக்குப் போட்டால், பிள்ளையிடம் இருக்கும் பம்பளிமாஸ் துண்டுகள் சில மாண்டரின் கணக்கில் ஏறிவிடும். விகிதமே தப்பாகிவிடும். அதனால் முதலில் பெற்றோரின் குரோமோசோம்களைத் துண்டு துண்டாகப் பாருங்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளுக்கும் உள்ள வேறுபாடு ஓரிடத்தில் மட்டும் திடீரென ஏறினால், அங்கே வேற்றினம் நுழைந்திருக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் இன்னொரு தவறு, மரபணு மரங்கள் (ஒவ்வொரு மரபணுவையும் வைத்து வரையும் உறவு வரைபடங்கள்) ஒன்றோடொன்று முரண்பட்டாலே கலப்பு என்று சொல்லிவிடுவது. சிட்ரஸ் இனங்கள் சுமார் 60-80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேகமாகப் பிரிந்தவை. அப்படிப் பிரியும்போது மூதாதையின் பழைய வேறுபாடுகள் பல கிளைகளில் தாறுமாறாகத் தங்கிவிடும். அது மட்டுமே காரணம் என்றால், முரண்படும் இரு வகை மரபணு மரங்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வரும். ஒரு பக்கம் சாய்ந்தால்தான் கலப்பைச் சந்தேகிக்கலாம். ஏபிபிஏ-பிஏபிஏ சோதனை பார்ப்பது இதைத்தான். சரி, சாய்வு கிடைத்துவிட்டது, அப்போதும் ஒரு புது இனமே கலப்பில் பிறந்தது என்று ஆகாது. ஏற்கெனவே இருந்த இனத்துக்குள் பின்னாளில் கொஞ்சம் மரபணு கசிந்திருக்கலாம். நம் எலுமிச்சையில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் ஜீனோம் முழுக்க ஒரு பிரதி மைக்ரந்தாவுடையது, மறுபிரதி சிட்ரானுடையது.

ஒரே இனத்தின் ஜீனோமை ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்தால், தொலைவான பெற்றோரின் டி.என்.ஏ. துண்டுகள் சரியாகப் பொருந்தாமல் விடுபடும். அதையும் கவனியுங்கள்.

கடைசியாக, மாதிரி எண்ணிக்கை. சிட்ரஸ் விதைகள் பலவற்றில் கரு, தாயின் திசுவிலிருந்தே வளரும். இருபது தோட்டங்களில் இருபது மரங்கள் எடுத்திருப்பீர்கள். அவை ஒரே மரத்தின் நகல்களாக இருந்தால், கையில் இருப்பது ஒரு மாதிரிதான்.