ஏழரைத் தாளமும் தகரக் கூரையும்: வீட்டிலேயே ஒரு புரோகிரெசிவ் ரோக் ஆல்பம் பதிவு செய்வது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் செம்பனைக் குலை லோரி எந்தெந்த நேரத்தில் போகும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த லோரிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில்தான் முழு புரோகிரெசிவ் ரோக் (நீளமான பாட்டு, மாறி மாறி வரும் தாளம், சுருக்கமாக புரோக்) ஆல்பத்தையும் முடித்தேன். 6 பாட்டு, 47 நிமிடம். கரு, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கைப்பேசியில் படித்த மாயாஜால வெப்கோமிக்ஸ்: பேசும் வாள், சபிக்கப்பட்ட கோட்டை, பாதி நரி பாதி மனுஷியான ஒரு ராணி.

கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது, மென்பொருளை இறக்குவது எல்லாம் இங்கே இல்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது. நான் இடறி விழுந்த இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் கதையை வெட்டுங்கள்

வெப்டூனை, அதாவது மேலிருந்து கீழே நீளும் வெப்கோமிக்ஸை, கட்டைவிரலால் தள்ளித் தள்ளித்தானே படிக்கிறோம்? சண்டைக் காட்சியில் படங்கள் அடுத்தடுத்து வரும். யாராவது செத்தால் திரை முழுக்கக் கறுப்பு, தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கறுப்புதான் உங்கள் பாட்டின் மௌனம். ஒரு அத்தியாயத்தை எடுத்து, எங்கே வேகம், எங்கே வெறுமை என்று ஒரு தாளில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாலைந்து சுரத்தில் ஒரு துணுக்கு போதும். என் நரி ராணியின் துணுக்கைத் தலைகீழாக வாசித்தால் அதுதான் வில்லன்.

பெயர், வசனம், படம் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். அவை ஓவியருக்குச் சொந்தம். படம் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அட்டைப்படத்தைத் தங்கச்சி வரைந்தாள், கூலி ரெண்டு தோசை.

2. சாமான்கள்

பழைய ஸ்கார்லெட் சோலோ (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்று, ஷூர் எஸ்எம்57 மைக் ஒன்று, பதிவு செய்யும் மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம்கிட், இலவசம்.

கண்டென்சர் மைக் வாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். தகரக் கூரை வீட்டில் வாங்காதீர்கள். பல்லி கத்துவது, பக்கத்து வீட்டு அக்கா குழம்பு தாளிப்பது எல்லாம் அதில் விழும். எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்குக்கு அவ்வளவு காது கிடையாது, நமக்கு அதுதான் தோது.

கிட்டாரைச் செருகியதும் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் வருகிறதா? மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு சார்ஜர் பக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50, 100 ஹெர்ட்ஸில்தான் அது குந்தியிருக்கும். நான் கிட்டார் முழுவதையும் பேட்டரியில்தான் பதிந்தேன். பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டால் சரியாகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உயிரோடு விளையாட வேண்டாம்.

வாசிக்கும்போது பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் ஒலியைச் சேர்த்து எடுக்கிறது என்பது) 128. நொடிக்கு 48,000 சாம்பிளில் அது 3 மில்லிசெக்கண்டுகூட இல்லை. 1024 வைத்தால் 21 மில்லிசெக்கண்டு தாமதம், அதுவும் ஒலி உள்ளே போக மட்டும், வெளியே வர இன்னொரு தடவை. உங்கள் விரல் உங்களுடையது மாதிரியே இருக்காது. மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

3. தாளம் (இங்கேதான் நான் ரெண்டு வாரம் தொலைத்தேன்)

புரோக் என்றாலே 7/8, 5/8 (ஒரு சுற்றுக்கு ஏழு அடி, ஐந்து அடி) என்று நொண்டித் தாளம் வரும். மெட்ரோனோம் வைத்து எண்ணி எண்ணி எனக்குத் தலை சுற்றியது. பின்வீட்டு மாமா, முன்பு தேவார வகுப்புக்கு மிருதங்கம் வாசித்தவர், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "என்னடா, மிஸ்ரத்துக்கா இந்தப் பாடு? வாயில வராதது கையில வராதுடா" என்றார். மிஸ்ரம் என்றால் ஏழு.

அன்றிலிருந்து நான் எண்ணுவதே இல்லை, சொல்கிறேன். 5 என்றால் தகதகிட. 7 என்றால் தகிட தகதிமி. வில்லன் வரும் இடம் 15/16, அதாவது ஏழரை எட்டு: தகதிமி தகதிமி தகதிமி தகிட. பேஸ் வாசிக்கும் நண்பன் அந்தப் பாட்டுக்கு "ஏழரைச் சனி" என்று பெயர் வைத்துவிட்டான். எதையும் வாசிக்கும் முன்னால், முதல் டிராக்கில் பாட்டு முழுவதற்கும் சொல்கட்டை உங்கள் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். மற்ற கருவிகள் எல்லாம் அதைக் கேட்டு வாசிக்கட்டும். கடைசியில் அந்த டிராக்கை மூடிவிடலாம்.

இனி என் முட்டாள்தனம். 132 வேகத்தில் (நிமிடத்துக்கு 132 அடி, இதைத்தான் பிபிஎம் என்பார்கள்) 11 நிமிடத்துக்குக் கிட்டார் பதிந்து முடித்தேன். கோட்டைக்குள் நுழையும் இடம் மட்டும் 112-க்கு இறங்க வேண்டும் என்று தோன்றியது. கீழே உள்ள பிபிஎம் பெட்டியில் 112 என்று தட்டினேன். பாட்டு 13 நிமிடம் ஆகிவிட்டது. கிட்டார் தண்ணீருக்குள் வாசித்த மாதிரி கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பி பழசாகிவிட்டது என்று நினைத்து ஈப்போவுக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தேன்.

நடந்தது இதுதான். அந்தப் பெட்டி பாட்டு முழுவதன் வேகத்தையும் மாற்றியது. ரீப்பரில் வேகத்தை மாற்றினால், பதிந்து வைத்த ஒலியும் அதற்கேற்ப இழுபடும்படிதான் ஆரம்பத்தில் அமைத்திருப்பார்கள். சரியான வழி:

முதலில் ஆல்ட்-என்டர் அழுத்தி ப்ரோஜெக்ட் செட்டிங்ஸைத் திறந்து, டைம்பேஸை (பதிந்தவை நேரத்தோடு நிற்குமா, தாளத்தோடு நகருமா என்ற அமைப்பு) "டைம்" என்று மாற்றுங்கள். இனி பதிந்தது பதிந்தபடியே இருக்கும்.

பிறகு வேகமோ தாளமோ மாறும் இடத்தில் கர்சரை வைத்து ஷிஃப்ட்-சி. வரும் பெட்டியில் புது வேகம், புதுத் தாளம். படிப்படியாக இறங்க வேண்டுமானால் அதற்கும் அதே பெட்டியில் ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்யுங்கள். பாட்டு முழுவதற்கும் இந்தக் குறிகளைப் போட்டு முடித்த பிறகுதான் கிட்டாரைக் கையில் எடுக்க வேண்டும். நான் செய்தது நேர் தலைகீழ்.

*பின்சேர்க்கை:* கூலிமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், இப்ப டிரம்ஸ் எங்கயோ ஓடுது." தப்பு என் மேல்தான். டிரம்ஸ் மிடி (ஒலியாக இல்லாமல், எந்த அடி எப்போது என்ற குறிப்பாக இருப்பது), அது தாளத்தோடு நகர வேண்டும். டிரம்ஸ் டிராக்கை வலது கிளிக் செய்து, அதற்கு மட்டும் டைம்பேஸை "பீட்ஸ்" ஆக்குங்கள். கிட்டாரும் குரலும் "டைம்" ஆகவே இருக்கட்டும்.

*இன்னொன்று:* 15/16-இல் மெட்ரோனோம் கோழி கொத்துகிற மாதிரி அடிக்கிறது என்று ரெண்டு பேர் எழுதியிருந்தார்கள். அந்தப் பகுதியில் அதை அணைத்துவிடுங்கள். சொல்கட்டு இருக்கிறதே.

4. குரல்

அம்மாவின் சேலை அலமாரியைத் திறந்து, இரண்டு கதவுக்கும் நடுவில் மைக், உள்பக்கம் பார்த்துப் பாடுங்கள். பட்டும் பருத்தியும் எதிரொலியைக் குடித்துவிடும். காற்றாடியை நிறுத்தியாக வேண்டும், அதனால் ஒரே மூச்சில் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது. எனக்குச் சரிப்பட்ட நேரம் ராத்திரி 11-லிருந்து 4 வரை. அதற்கு மேல் முதலில் சேவல், பிறகு சூராவில் (சிறு தொழுகைக்கூடம்) பாங்கு, பிறகு கோயில் ஒலிபெருக்கி. மழை வந்தால் தகரத்தின் கீழே எதுவும் செய்ய முடியாது, மூடிவிட்டுத் தூங்குங்கள். லோரியின் உறுமல் லேசாக விழுந்திருந்தால் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

5. மிக்ஸ், ஏற்றுமதி

சத்தத்தைக் கூட்டிக் கூட்டி நசுக்காதீர்கள். ஸ்போட்டிஃபை எப்படியும் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். கோட்டைக் காட்சி மெல்ல இருந்தால்தான் அதற்குப் பிறகு வரும் சண்டை சண்டையாகக் கேட்கும். பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்புக்கு எம்பி3 செல்லாது, வேவ் அல்லது ஃபிளாக் கொடுங்கள். அட்டைப்படம் 1400-க்கு 1400 பிக்சலாவது வேண்டும்.

பாட்டைக் கோப்பாக எடுக்கும் ரெண்டர் பெட்டியில் "டெயில்" என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்து 4000 மில்லிசெக்கண்டு கொடுங்கள். நான் விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டில் ராணியின் குரல் கோட்டைக்குள் எதிரொலித்து மெல்ல மெல்லத் தேய வேண்டும், யாரோ மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி வெடுக்கென்று நின்றது. ஏற்றி மூன்று நாள் கழித்து மாமாதான் கண்டுபிடித்தார்: "ஏண்டா, முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிருச்சா?"