பாக்கெட் ரேடியோ வலை: எங்கே கோட்டை விடுகிறோம்?

பாக்கெட் ரேடியோ என்றால் தரவைச் சிறு பொட்டலங்களாக ரேடியோவில் அனுப்புவது. மேசைமேல் இரண்டு ரேடியோவை அருகருகே வைத்துச் சோதித்தால் பாக்கெட் எப்போதும் போய்ச் சேரும். இருபது ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) ஆளுக்கொரு டிஎன்சி (தரவைத் தொனியாகவும் தொனியைத் தரவாகவும் மாற்றும் பெட்டி) பலகையைச் சால்டர் செய்து, ஆளுக்கொரு கூரையில் ஏற்றிய பிறகுதான் வம்பு தொடங்கும். பெரும்பாலும் பழுது பலகையில் இருக்காது. ஆளாளுக்கு வைத்த எண்களில் இருக்கும்.

மிகப் பரவலான தவறு ஒலி அளவில்தான். 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) பாக்கெட் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளில் போகிறது. சத்தம் கூடினால் நல்லது என்று டிஎன்சியின் ஒலி அளவுத் திருகான டிரிம்பாட்டை முழுக்கத் திருகினால், ரேடியோவில் அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் அலையின் உச்சியை வெட்டிவிடும். காதுக்குக் கணீரென்று கேட்கும். எதிர்முனை டிஎன்சிக்கு ஒன்றும் தேறாது. காதை நம்பாமல், கணினியில் மாட்டி அலைகளைத் திரையில் பார்க்க உதவும் மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றை எடுங்கள். ரேடியோவை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் மின்தடை) மாட்டி, குறைந்த பவரில் 1200 ஹெர்ட்ஸ் தொனியை மட்டும் விடாமல் அனுப்புங்கள். திரையை நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு டிரிம்பாட்டை அடியிலிருந்து மெல்ல ஏற்றினால், நடுவிலுள்ள கேரியர் கோடு தேய்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் மறையும். முதல்முறை மறையும் அந்த இடத்தில் டீவியேஷன் (அலை நடு அலைவரிசையிலிருந்து விலகும் அளவு) 1200 × 2.405, அதாவது சுமார் 2.9 கிலோஹெர்ட்ஸ். ப்ரீ-எம்ஃபசிஸ் (உயர்ந்த தொனிகளைத் தூக்கிவிடும் சுற்று) இல்லாத உள்ளீடு என்றால் அதோடு விட்டுவிடலாம். மைக் வழியாகப் போனால் ப்ரீ-எம்ஃபசிஸ் 2200 தொனியை 1.8 மடங்கு தூக்கிவிடும். ஆகவே அங்கிருந்து சுமார் 4 டெசிபல் இறக்குங்கள்.

கேட்கும் பக்கத்தில், சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால், அது திறக்கும் நேரத்துக்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். கைரேடியோவில், ரிசீவரை இடையிடையே தூங்கவைக்கும் பேட்டரி சேவரையும் அணையுங்கள். பலர் மறப்பது இதுதான்.

அடுத்து டிஎக்ஸ்-டிலே, அதாவது ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றிய பிறகு தரவைத் தொடங்கும்வரை டிஎன்சி காத்திருக்கும் நேரம். அலகு 10 மில்லிசெகண்ட். 30 என்றால் 300 மில்லிசெகண்ட். எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் 100 வைத்தால், அவர் ரேடியோ அனுப்பத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு செகண்ட் வீண். அந்த நேரத்தில் 150 பைட் போயிருக்கும். 30-இல் தொடங்கி ஐந்தைந்தாகக் குறையுங்கள். தவற ஆரம்பித்ததும் ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்ளுங்கள்.

பெர்சிஸ்ட் (அனுப்பும் வாய்ப்பு, 0 முதல் 255 வரை) 63, ஸ்லாட்டைம் (காத்திருக்கும் இடைவெளி, இதுவும் 10 மில்லிசெகண்ட் அலகில்) 10 என்றால், அலைவரிசை காலியாக இருக்கும்போது 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கால்வாசி வாய்ப்பில் அனுப்பும். ஒருவர் மட்டும் பெர்சிஸ்ட்டை 255 வைத்தால், வரிசையில் முண்டியடிக்கிறவர் அவர்தான். மலைக்கு இருபுறமும் உள்ள, ஒன்றையொன்று கேட்காத நிலையங்களுக்கோ எந்த எண்ணும் உதவாது. அமெரிக்காவில் டார்பன் (TARPN) என்ற பாக்கெட் வலைக் குழுவினர் இதற்கு வைத்த தீர்வு, ஒரு இணைப்புக்கு ஒரு அலைவரிசை, அதில் இரண்டே நிலையங்கள். செலவு கூடும்தான், ஆனால் மோதல் ஒழிந்தது.

பலகைக்கு வருவோம். கெர்பர் கோப்பை (பலகை தயாரிக்கும் ஆலைக்கான கோப்பு) மட்டும் வெளியிட்டுவிட்டு 'ஓப்பன் ஹார்டுவேர்' என்று சொல்லாதீர்கள். சர்க்யூட் வரைபடத்தின் மூலக்கோப்பு, பாகப்பட்டியல், ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் நிரல்) மூன்றும் வேண்டும். ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமம் போட்டால் போதும் என்பதும் தவறு. பதிப்புரிமை வரைபடத்தைக் காக்கும், அதைப் பார்த்துச் செய்த பலகையை அப்படிக் காக்காது. டேப்பர் (TAPR) என்ற அமெச்சூர் பாக்கெட் ரேடியோ அமைப்பு 2007-இல் தனி ஹார்டுவேர் உரிமம் எழுதியது அதனால்தான். பதிப்பு எண்ணைப் பலகையிலேயே அச்சிடுங்கள்.

பாகம் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் கிடைக்கவில்லை என்று ஏவிஆர் சில்லு உள்ள பலகையில் 8 மெகாஹெர்ட்ஸ் போட்டு, அதற்கேற்ப ஃபர்ம்வேரை மாற்றினால், கணினியோடு பேசும் சீரியல் வேகத்தை 9600-இல் வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக வரும். 115200 வைத்தவருக்குத்தான் குப்பை. அங்கே வேகப் பிழை 3.5 சதவீதம், இரட்டை வேக முறை இல்லாவிட்டால் 8.5.

ஒரே அழைப்புக்குறியின் கீழ் 0 முதல் 15 வரை எஸ்எஸ்ஐடி என்ற துணை எண் உண்டு. யாருக்கு எது என்ற பட்டியலை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். இரண்டு பெட்டிக்கு ஒரே எண் விழுந்தால் இரண்டும் பதில் சொல்லும், இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும்.

மலைமேல் உள்ள நிலையத்தில் எல்லா எண்களையும், சாவி யாரிடம் என்பதையும் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டுங்கள். லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கலைந்துவிடும்.