மலிவு லேசர் சைட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ரேஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு தோட்டா சுடுவார், பிஸ்டலைக் கீழே வைப்பார், அதில் மாட்டியிருந்த லேசர் சைட்டின் (குறி பார்க்கப் புள்ளி காட்டும் சிறு விளக்கு) திருகை ஆலன் கீயால் கால் சுற்று திருப்புவார், மறுபடி ஒன்று சுடுவார். இரண்டு பெட்டி தீர்ந்த பிறகும் சிவப்புப் புள்ளி ஒரு பக்கம், துளை ஒரு பக்கம். "என் கைதான் சரியில்லைண்ணா" என்றார். பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேட்டரி தீர்ந்தது, ஸ்விட்சை அணைக்க மறந்தது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரே நாளில் தானாகப் புரிந்துவிடும்.

ஜீரோ நிற்காத லேசரோடு மல்லுக்கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. நான் முதலில் வாங்கிய லேசர் பார்க்க நன்றாகவே இருந்தது. உலோக உடம்பு, பளிச்சென்ற புள்ளி. 10 மீட்டரில் ஜீரோ செய்தேன், அதாவது புள்ளி காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி திருகினேன். ஐந்து தோட்டாவும் ஒன்றாக விழுந்தன. அடுத்த மேகசின் (ஒருமுறை நிரப்பும் தோட்டாக்கள்) முழுவதும் இடப்பக்கம் போயிற்று. என் விரல்தான் ட்ரிகரை ஓரமாக இழுக்கிறது என்று நினைத்து பிடியை மாற்றினேன், விரல் வைக்கும் இடத்தை மாற்றினேன், திருகையும் திருப்பினேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று. லேசரின் விலையைப் போலப் பல மடங்கு தோட்டாவுக்கே செலவானது. அதற்குள் நன்றாக இருந்த ட்ரிகர் பழக்கமும் கெட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர இன்னும் அதிக நாள் பிடித்தது.

கடைசியில் லேசரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த குழாய் ஒரு ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருந்தது. மேலிருந்து ஒரு திருகு, பக்கத்திலிருந்து ஒரு திருகு, அவ்வளவுதான் பிடிமானம். ஒவ்வொரு உதைப்புக்கும் ரப்பர் நசுங்கி, குழாய் நகர்ந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 சென்டிமீட்டர் நீளக் குழாயின் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு நகர்ந்தாலே 10 மீட்டரில் புள்ளி 2 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வெறும் 8 மில்லிமீட்டர்.

குற்றம் கையிலா லேசரிலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஜீரோ செய்து முடித்ததும், அதே தூரத்தில் பிஸ்டலின் மேலேயே இருக்கும் குறிமுள்களான முன் சைட்டையும் பின் சைட்டையும் ஒழுங்காகச் சேர்த்துப் பிடித்து, லேசர் புள்ளி முன் சைட்டின் நுனிக்கு எங்கே தெரிகிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேகசினுக்குப் பிறகும் அதே மாதிரி பாருங்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் லேசர் நகர்ந்துவிட்டது. புள்ளி அங்கேயே இருந்து, துளைகள் மட்டும் விலகியிருந்தால் கையைத் திருத்துங்கள். அந்தத் தம்பியை அப்படிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது மேகசினிலேயே புள்ளி முன் சைட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை.

மலிவு லேசர் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன். வாங்கும்போதே ரெயிலில் (பிஸ்டலில் லேசரை மாட்டும் பள்ளமுள்ள தண்டு) மாட்டி, விரலால் மேலும் பக்கவாட்டிலும் அழுத்திவிட்டுப் பாருங்கள். புள்ளி பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். லேசரின் குறுக்குக் கட்டை ரெயிலின் பள்ளத்தில் ஆடக்கூடாது. ரெயிலில் இரண்டு வகை: பிகாட்டினி பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், வீவர் அதைவிடக் குறுகல். வீவருக்குச் செய்த கட்டை பிகாட்டினியில் லொடலொடவென்று இருக்கும், பிகாட்டினிக் கட்டை வீவரில் நுழையாது. லேசரை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அப்புறம், ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவை வைத்துத் திருத்துங்கள்.

அதிக மில்லிவாட் தேடுவது

லேசரின் சக்தி 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம். கண் போய்விடும்.

பச்சைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது

பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே உள்ள ஒளிதான் மிகப் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பச்சை எடுப்பாகத் தெரிகிறது. வெயிலில் சுடுகிறவருக்குப் பச்சை சரி. மூடிய ரேஞ்சில் 10 மீட்டருக்குச் சிவப்பே தாராளம், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். சிவப்பிலும் 650 நானோமீட்டரைவிட 635 பளிச்சென்று இருக்கும். பழைய வகைப் பச்சை 532 நானோமீட்டர், படிகம் வழியாக வருவது, குளிரில் மங்கிவிடும். பச்சைதான் என்றால் 520 நானோமீட்டர் நேரடி டயோடைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தூரத்தில் ஜீரோ செய்து எல்லா தூரத்துக்கும் நம்புவது

லேசர் குழலுக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது, 10 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் துளை புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் மேலே விழும். 20 மீட்டரில் 4 சென்டிமீட்டர் கீழே. எந்த தூரத்தில் அதிகம் சுடுவீர்களோ அதில் ஜீரோ செய்யுங்கள்.

குழலுக்குள் வைக்கும் லேசரை இதோடு குழப்பிக்கொள்வது

அது சைட்டைச் சரிபார்க்க மட்டும். குழலில் விட்டுவிட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

போட்டிக்கும் இதோடே பழகுவது

ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் லேசருக்கு அனுமதி இல்லை, திறந்த சைட் (சாதாரண முன், பின் சைட்) மட்டும்தான். போட்டிக்குப் போகிறவர் பாதித் தோட்டாவையாவது லேசரை அணைத்துவிட்டுச் சுடவும்.