தடைசெய்யப்பட்ட அமைப்புகளைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதுவது: புதியவர்களுக்கான செய்முறை

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலையடியில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு தவறி வெடித்தது என்றே படைத்தரப்பு முதலில் சொன்னது. பிரேதப் பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொண்டுவந்த ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார்.

முதல்நாள் அறிக்கையை மட்டும் நம்பி யாராவது கலைக்களஞ்சியத்தில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைகள் ஐவரும் ஆயுததாரிகளாகவே பதிவாகியிருப்பார்கள். எழுதத் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

படி 1: கணக்கும் மணல்தொட்டியும்

சொந்தப் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த ஊர் இது, புனைபெயர் போதும். நேரே கட்டுரையில் கைவைக்காமல், எழுதிப் பழகுவதற்கென விக்கிப்பீடியாவில் இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 2: பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

ஊரில் கதைக்கும்போது 'இயக்கம்' என்றால் விடுதலைப் புலிகள் என்று எல்லோருக்கும் விளங்கும். கட்டுரையில் அமைப்பின் முழுப் பெயரையும் எழுத வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அவற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட தேசிய தவ்ஹீத் ஜமாஅத் என்ற பெயரோடு தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத், ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத் ஆகிய பெயர்களையும் பலர் போட்டுக் குழப்பினார்கள். மூன்றும் வெவ்வேறு அமைப்புகள். ஒரு சொல் மாறினால், தொடர்பே இல்லாத குடும்பங்கள் மீது பழி விழும்.

படி 3: 'தடை' என்ற சொல்லைப் பிரித்தெழுதுங்கள்

'விடுதலைப் புலிகள் ஒரு பயங்கரவாத அமைப்பு' என்றோ 'விடுதலை இயக்கம்' என்றோ கலைக்களஞ்சியம் தன் குரலில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யார், எப்போது, என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். இந்தியா 1992இல் தடைசெய்தது. அமெரிக்கா 1997இல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. இலங்கை 1998இல் தடைசெய்து, 2002இல் பேச்சுவார்த்தைக்காகத் தடையை நீக்கி, 2009 ஜனவரியில் மீண்டும் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் பட்டியலிட்டது. அதன் பொது நீதிமன்றம் 2014இல் அந்த ஆணைகளை நடைமுறைக் குறைபாட்டுக்காக ரத்துச் செய்தது. பிறகும் பெயர் பட்டியலில் தொடர்ந்தது. இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டால் ஒட்டுப்பெயரே தேவைப்படாது.

படி 4: வினைமுற்றைக் கவனியுங்கள்

தமிழில் எழுதும் நமக்கு இதுதான் மிகக் கடினம், ஏனென்றால் நம் மொழியில் பக்கச்சார்பு விகுதியிலேயே ஒட்டியிருக்கிறது. 'வந்தார்' என்றால் மரியாதை, 'வந்தான்' என்றால் இழிவு. தற்கொலைக் குண்டுதாரியை 'வெடிக்கவைத்தான்' என்றும், நமக்குப் பிடித்த தளபதியை 'வெடிக்கவைத்தார்' என்றும் எழுதினால், ஒரு பெயரடையும் இல்லாமலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே விகுதி போடுங்கள்: 'ஆர்'. கைகூசும். ஆனாலும் போடுங்கள்.

சாவைக் குறிக்கும் சொற்களும் அப்படித்தான். வீரச்சாவு, களையெடுப்பு, அழித்தொழிப்பு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு 'கொல்லப்பட்டார்' என்றே எழுதுங்கள். 'சிங்கள இராணுவம்' அல்ல, 'இலங்கை இராணுவம்'. ஓர் ஊரை 'மீட்டார்கள்' என்பதும் 'ஆக்கிரமித்தார்கள்' என்பதும் சார்புச் சொற்கள், 'கைப்பற்றினார்கள்' போதும். நான் முதன்முதலில் எழுதிய கட்டுரையில் 'வீரச்சாவடைந்தார்' என்று போட்டேன். அதை மாற்றியவர் மீது அன்று கோபப்பட்டேன். மூதூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கைப்பேசியைத் திருப்பித் தந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

படி 5: மூலங்களை எடைபோடுங்கள்

அமைப்பின் சொந்த வெளியீடு, அது தன்னைப் பற்றி என்ன சொன்னது என்பதற்கு மட்டுமே சான்று. பாதுகாப்பு அமைச்சின் அறிக்கைக்கும் அதே அளவுகோல்தான். தமிழ்நெற் என்ற செய்தி இணையத்தளத்தை மேற்கோள் காட்டினால் 'புலிகளுக்குச் சார்பான தமிழ்நெற் கூறியது' என்று வாக்கியத்துக்குள்ளேயே வரவேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைப் போர் பற்றி எழுதிய தமிழ், சிங்களப் பயனர்கள் நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகு வந்துசேர்ந்த வழியும் இதுதான்.

எல்லாத் தரப்பையும் விமர்சித்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் அறிக்கைகளையும், ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கையையும் தேடி வாசியுங்கள். பழைய பத்திரிகைகளுக்கு 'நூலகம்' என்ற எண்ணிம நூலக இணையத்தளம் பெரிய கொடை. இணைப்பு நாளைக்கு இல்லாமல் போகலாம், ஆகவே இணைய ஆவணகத்தில் (Internet Archive) அந்தப் பக்கத்தின் நகலொன்றைச் சேமித்து அதன் முகவரியையும் கொடுங்கள்.

படி 6: எண்ணுக்குத் திகதி போடுங்கள்

உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் இறந்தோர் 359 பேர் என்று முதலில் அறிவித்த அதிகாரிகள், சில நாள்களிலேயே அதைச் சுமார் 253 ஆகக் குறைத்தார்கள். சிதைந்த உடல்களை இருமுறை எண்ணியிருக்கலாம் என்று விளக்கம் வந்தது. எண்ணைச் சொன்னவரையும் திகதியையும் சேர்த்து எழுதியிருந்தால், திருத்துபவருக்கு எங்கே கைவைப்பது என்று உடனே தெரியும்.

படி 7: சேமித்த பிறகு

யாராவது நீங்கள் எழுதியதை மாற்றினால் உடனே பழையபடி மீளமைக்க வேண்டாம். உரையாடல் பக்கத்தில் உங்கள் மூலத்தை வைத்துக் கேளுங்கள்.

இனி ஒரு பயிற்சி. அந்த ஐந்து மாணவர்கள் பற்றி மணல்தொட்டியில் நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். என்ன நடந்தது, படைத்தரப்பு முதலில் என்ன சொன்னது, பிரேதப் பரிசோதனை எதைக் காட்டியது, 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சந்தேகநபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள். ஐந்தாவது வாக்கியமாக உங்கள் சொந்தக் கோபம் வந்து நிற்கும். அதை மட்டும் அழித்துவிட்டுச் சேமியுங்கள்.